மூணு ஒட்டு, ஒண்ணு நகர்த்து: பேத்தியை மரமேற விடும் ஒரு தாத்தாவின் குறிப்புகள்

சாயங்காலம் நாலே முக்காலுக்குப் பேத்தியோடு பூங்காவுக்குக் கிளம்பும்போது என் மஞ்சப்பையில் இவ்வளவும் இருக்கும்: தண்ணீர் பாட்டில், பழைய பனியன் துணி, துண்டு சோப்பு, ஒரு ரூபாய்க் காசு, சைக்கிள் ஸ்போக் ஒன்று. பிஸ்கெட் பாக்கெட்டும் உண்டு, அது எனக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரயில் பெட்டிக்கு அடியில் படுத்துப் போல்ட்டைத் தட்டிப் பார்த்த கை, சறுக்குமரத்தைக் கண்டாலும் சும்மா இருப்பதில்லை.

பேத்திக்கு ஐந்து வயது நடக்கிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் சாயங்காலங்கள் என் கணக்கு. கூடவே எங்கள் பிளாட்டின் மூன்று வாண்டுகளும் ஒட்டிக்கொள்ளும். நாலு பேரும் ஏறுவார்கள், குதிப்பார்கள், உருளுவார்கள். "எப்படிங்க விடுறீங்க, பயமா இல்லையா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல மூச்சு இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என் கணக்கு ரொம்பச் சின்னது. பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து பிள்ளையுடையது. தெரியாத ஆபத்து என்னுடையது. மரம் உயரம் என்பது அவளுக்குத் தெரியும். மேலே போகப் போக வயிற்றில் ஏதோ செய்யும், அந்தப் பயம் அவளுக்கு வேண்டும். அந்தக் கிளைக்குள் கரையான் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் நான் இருக்கிறேன். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. "ஏறாதே, ஓடாதே" என்று தெரிந்த ஆபத்தைத் தடுத்துவிட்டு, துருப்பிடித்த ஊஞ்சலில் நிம்மதியாக உட்காரவைத்து ஆட்டுகிறோம்.

என் மகள் மழலையர் பள்ளி ஆசிரியை. நார்வே நாட்டு எல்லன் சாண்ட்செட்டர் என்கிற ஆராய்ச்சியாளர் பிள்ளைகளின் துணிச்சல் விளையாட்டை 2007-ல் ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார் என்று அவள்தான் சொன்னாள்: உயரம், வேகம், கூரான கருவி, தண்ணீர் நெருப்பு, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் காணாமல் போவது. கேட்டதும் சிரித்துவிட்டேன். அயனாவரத்தில் என் பால்யம் மொத்தமும் அந்த ஆறுக்குள் அடங்கிவிட்டது. கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2024-ல் இப்படிப்பட்ட விளையாட்டை ஊக்குவிக்கச் சொல்லி அறிக்கை கொடுத்திருக்கிறதாம். சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

போனதும் ஐந்து நிமிடம்

பூங்காவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளை வாசலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஒரு சுற்று வருவேன். முதலில் ஊஞ்சல். சங்கிலியை மேலே மாட்டியிருக்கும் எஸ் கொக்கியைப் பாருங்கள். அதன் வாய் முழுசாக மூடியிருக்க வேண்டும். ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு அதில் நுழைந்தால் அந்த ஊஞ்சல் அன்றைக்கு வேண்டாம். காசு நுழைகிற இடத்தில் துப்பட்டா நுனியும் சட்டைக் கயிறும் நுழையும். சங்கிலியில் கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கேதான் தேயும். வெளிப்பக்கம் பளபளவென்று பெயின்ட் இருக்கும், உள்பக்கம் பாதியாகியிருக்கும். பெயின்ட்டை நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் ஒர்க்ஷாப்பிலும் உண்டு.

அடுத்தது இடைவெளி. ஏணிப் படிகளுக்கு நடுவில், மேடையின் கம்பிகளுக்கு நடுவில் உள்ள சந்து மூன்றரை அங்குலத்துக்குக் கூடவும் ஒன்பது அங்குலத்துக்குக் குறைவாகவும் இருந்தால் ஆபத்து. சின்னப் பிள்ளையின் காலும் உடம்பும் வழுக்கி உள்ளே போய்விடும், தலை போகாது, கழுத்தோடு தொங்கும். டேப் எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. விரல்களைச் சேர்த்து வைத்தால் என் உள்ளங்கை அகலம் மூன்றரை அங்குலம். ஒரு சாண் என்பது ஒன்பது அங்குலம். உள்ளங்கை நுழைந்து சாண் நுழையாத சந்து கெட்ட சந்து. உங்கள் கையை ஒருமுறை ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள், ஆயுசுக்கும் போதும். இதே காரணத்துக்காக, சைக்கிள் ஓட்டிவிட்டு வரும் பிள்ளை ஹெல்மெட்டோடு மங்கி பாரில் (தொங்கி விளையாடும் கம்பி) ஏறக் கூடாது. தலையைக் காப்பாற்றும் அதே ஹெல்மெட் சந்தில் மாட்டிக்கொள்ளும்.

பிறகு தரை. ஸ்போக்கை எதற்கு எடுத்துப்போகிறேன் என்றால் மணலில் குத்திப் பார்க்கத்தான். ஒரு சாண் ஆழத்துக்கு மணல் இருந்தால் நாலடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். ஊஞ்சலுக்குக் கீழேயும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் கால் பட்டுப் பட்டு மணல் ஒதுங்கி, இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஸ்போக் 'டக்' என்று நிற்கும். அப்போது காலால் மணலைத் தள்ளி நிரப்புங்கள், இறுகியிருந்தால் கிளறிவிடுங்கள். கிளறும்போதே கண்ணாடிச் சில்லு, சோடா மூடி, நாய் வைத்துவிட்டுப் போனது எல்லாம் வெளியே வரும். இந்த வேலைக்கு வெட்கப்பட்டால் ஆகாது.

தகரச் சறுக்குமரமாக இருந்தால் புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் பிள்ளையின் தொடையாலும் முடியாது. கத்திரி வெயில் நாட்களில் ஐந்தரைக்குக்கூடச் சுடும். உடைந்த சாமானைப் பார்த்தால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அடித்துச் சொல்லுங்கள், புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

தூக்கி வைக்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

இந்த மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு டாக்டரிடம் ஓடும்படியான அடி ஒரே ஒருமுறைதான் பட்டது. அதைச் செய்தவன் நான். அவளுக்கு இரண்டரை வயது. பூங்கா வாசல் படியில் தடுக்கினாள். விழுந்திருந்தால் முட்டியில் ஒரு சிராய்ப்பு. நான் விடவில்லை, மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்கினேன். அப்புறம் அந்தக் கையை அவள் அசைக்கவே இல்லை, உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அழுதாள். முழங்கையில் எலும்பு நழுவியிருந்தது. ஐந்து வயதுக்குள் அந்த மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்வாக இருக்குமாம். இப்படி இழுத்தால் நழுவிவிடும். டாக்டர் கையை ஒரு திருப்புத் திருப்பி மடக்கினார், அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது. என் மனைவி அதை இன்னும் சரியாக்கவில்லை, விருந்தாளி வந்தால் சொல்லிக்காட்டுகிறாள்.

பிடிக்கத்தான் வேண்டும் என்றால் அக்குளுக்குக் கீழே, விலாவைச் சேர்த்துப் பிடியுங்கள். இன்னொன்றையும் அன்றோடு விட்டேன்: "தாத்தா, தூக்கி வை" என்று எவ்வளவு கெஞ்சினாலும் மரத்தின் மேலோ கம்பியின் மேலோ தூக்கி வைப்பதில்லை. தானாக ஏறிய பிள்ளைக்கு ஏறிய வழி உடம்பில் இருக்கும், அதே வழியில் இறங்கும். தூக்கி வைத்த பிள்ளைக்கு வழியே கிடையாது. அங்கே உட்கார்ந்து அழும், இல்லையென்றால் குதிக்கும். தானாக ஏற முடியாத உயரம் அதற்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

மரம்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். தரையிலிருந்து இரண்டரை அடியில் முதல் கவட்டை. கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல மரம் கிடையாது: பட்டை சொரசொரப்பு, கட்டை உறுதி. முருங்கையில் மட்டும் ஏற்றவே ஏற்றாதீர்கள். வேதாளம் திரும்பத் திரும்ப ஏறலாம், அதற்கு எடை இல்லை. நமக்குப் படக்கென்று முறியும், கம்பளிப்பூச்சி வேறு. தெருவோரம் சிவப்பாகப் பூக்கும் மயில்கொன்றையும் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் காலையில் எந்தெந்த மரம் சாய்ந்து கிடந்தது என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேம்பாகவே இருந்தாலும் காய்ந்த கிளை காய்ந்த கிளைதான். இலை இல்லாத கிளையில் கால் வைக்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இரண்டாவது: மிதிக்கிற கிளை உன் தொடை கனமாவது இருக்க வேண்டும். மரத்தில் நுழையும் மின்கம்பி, கேபிள் ஒயர் இருந்தால் அந்த மரம் நமக்கு மரமே இல்லை.

ஏறுவதற்கு ஃபேக்டரியில் ஏணிக்குச் சொல்லும் பாடத்தையே சொன்னேன். இரண்டு கை, இரண்டு கால், ஆக நாலு. அதில் மூன்று எப்போதும் மரத்தில் ஒட்டியிருக்க வேண்டும், ஒன்றுதான் நகரலாம். பேத்தி அதைப் பாட்டாக்கிவிட்டாள்: "மூணு ஒட்டு, ஒண்ணு நகர்த்து." ஒவ்வொரு அடிக்கும் முணுமுணுத்துக்கொண்டே போவாள். வலது கை மேல் கிளையைத் தொடும். உடனே பிடிக்காது, ஒருமுறை ஆட்டிப் பார்க்கும், பிறகு விரல் ஒவ்வொன்றாக மூடும். இடது கால் கவட்டையில் கட்டைவிரலால் துழாவும். செருப்பு கிடையாது, வெறுங்கால் பட்டையைக் கவ்வுகிற மாதிரி எந்தச் செருப்பும் கவ்வாது. ஏறும் முன் செவ்வெறும்பு வரிசை இருக்கிறதா என்று அடிமரத்தை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கழுத்தில் செயின், துப்பட்டா, தொங்கும் நாடா எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

உயரத்துக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறேன். பிள்ளையின் கால் என் தோளுக்கு மேலே போகக் கூடாது. அந்த அளவு எந்த நூலிலும் இல்லை, நின்ற இடத்திலிருந்து எட்டிப் பிடிக்க என்னால் முடிகிற உயரம் அது. உங்கள் உயரத்துக்கும் வயதுக்கும் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதுதான் கடினம் என்பதால் அதை முதலில் பழக்குங்கள்: வயிறு மரத்தைப் பார்க்க, கால் முதலில், "கீழே பார்க்காமல் காலால் பார்".

வாயைக் கட்டுவது

கையைக் கட்டுவதைவிட இது சிரமம். "விழுந்துடுவ, விழுந்துடுவ" என்று கத்தினால் பிள்ளை மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம்மைப் பார்க்கும். அந்த நொடியில்தான் கால் நழுவும். "ஜாக்கிரதை" என்ற சொல்லில் ஒரு விவரமும் கிடையாது. எதில் ஜாக்கிரதை? அதற்குப் பதிலாகக் கேள்வியாகக் கேட்டுப் பழகினேன். "அடுத்த கால் எங்க வைக்கப் போற?" "அந்தக் கிளை ஆடுதா பாரு." "கை வியர்த்திருக்கா? பாவாடையில தொடச்சுக்கோ." பதில் சொல்ல அவள் யோசிப்பாள், எனக்கு வேண்டியது அந்த யோசனைதான். ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுகிறேன். பாதி நேரம் ஏழு எண்ணுவதற்குள் அவளே வழி கண்டுபிடித்துவிடுகிறாள்.

பக்கத்து பெஞ்சு ஆட்களைச் சமாளிப்பது தனிக்கலை. ஒரு நாள் ஒரு அம்மா பதறிப் போய், "ஏங்க பெரியவரே, பாப்பா அவ்ளோ மேல ஏறுது, பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே?" என்றார். "பாத்துக்கிட்டேதாம்மா நிக்கிறேன்" என்றேன். உண்மையும் அதுதான். பிள்ளை ஏறும்போது நான் செல்போனைத் தொடுவதில்லை. ஆனால் மற்ற மூன்று வாண்டுகளின் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். ஒரு வீட்டில் மரம் வேண்டாம் என்றார்கள், அந்தப் பையனுக்கு மரம் இல்லை. அவர்கள் பிள்ளை, அவர்கள் முடிவு. அவன் கீழே நின்று "மூணு ஒட்டு" என்று கத்துவான்.

வேகம்

சறுக்குமரத்தில் சின்னப் பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்குகிறீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள். பாதுகாப்பு என்று நினைத்து நாம் செய்கிற பெரிய தப்பு அது. பிள்ளையின் ரப்பர் செருப்பு ஓரத்தில் மாட்டும். தனியாகச் சறுக்கினால் பத்துப் பன்னிரண்டு கிலோ எடைதான், கால் மாட்டிய இடத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். மடியில் இருந்தால் நம்முடைய எழுபது கிலோவும் பின்னாலிருந்து தள்ளும், மாட்டிய கால் முறுக்கிக்கொள்ளும். கீழ்க்கால் எலும்பு விரிசல் விடுவது இப்படித்தான். தனியாகச் சறுக்கத் தைரியம் இல்லாத பிள்ளை பாதி உயரத்திலிருந்து சறுக்கட்டும், அல்லது அடுத்த மாதம் சறுக்கட்டும். சைக்கிளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் பிரேக், பிறகு பெடல்.

கருவி

இது என் ஏரியா, கொஞ்சம் பேசவிடுங்கள். நாலு வயதில் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தேன். பழைய ரேடியோ ஒன்றைக் கழற்றச் சொன்னேன், ஒரு வாரம் வீடு அமைதியாக இருந்தது. பிளக் ஒயரை நறுக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பழைய பிக்சர் டியூப் டி.வி.யைக் கொடுக்கவே கூடாது, அணைத்த பிறகும் உள்ளே கரன்ட் நிற்கும். அடுத்தது சுத்தியல், இருநூறு கிராம் போதும். ஆணியை முதலில் வாழைத்தண்டில் அடிக்கப் பழக்குங்கள், தட்டினால் இறங்கிவிடும், பிள்ளைக்குக் குஷி. அப்புறம் ஜாதிக்காய்ப் பெட்டிப் பலகை. ஆணியை விரலால் பிடிக்கவிடாமல் துணி மாட்டும் கிளிப்பால் பிடிக்கச் சொல்லுங்கள். சுத்தியல் தவறினால் கிளிப்புக்குத்தான் அடி. சுத்தியல் கையில் இருக்கும்போது உட்கார்ந்தே இருக்க வேண்டும், பக்கத்தில் இன்னொரு பிள்ளை ஒரு கை தூரத்துக்குள் வரக் கூடாது. இதில் பேரமே இல்லை. கத்தி என்றால் வெண்ணெய் தடவும் கத்தியும் வாழைப்பழமும். அரிவாள்மனை என் மனைவியின் ராஜ்ஜியம், அங்கே எனக்கே அனுமதி இல்லை.

ஐஸ்பாய்

ஒளிந்து விளையாடும்போது பிள்ளைக்கு "நான் யாருக்கும் தெரியாமல் இருக்கிறேன்" என்ற சுகம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டுமென்றால் இடத்தை நீங்கள் முன்கூட்டியே சலித்து வைத்திருக்க வேண்டும். சென்னை குடியிருப்புகளில் என் முதல் பயம் சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. லாரித் தண்ணீர் வந்த அன்று மூடியைச் சரியாகப் போடாமல் போய்விடுவார்கள். எங்கள் சம்ப்புக்கு இரும்பு மூடி, கீல், பூட்டு மூன்றும் நானே போட்டேன்; சாவி வாட்ச்மேனிடமும் என்னிடமும். இரண்டாவது, நிறுத்தி வைத்த கார். உள்ளே ஏறிக் கதவு பூட்டிக்கொண்டால் வெயிலில் சில நிமிடங்களே போதும். எல்லாக் கார்களும் பூட்டியிருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்குப் பின்னால் ஒளியக் கூடாது. லிஃப்ட், மொட்டை மாடி, கரன்ட் பாக்ஸ் மூன்றும் ஆட்டத்துக்கு வெளியே. இவ்வளவும் முடித்துவிட்டு, போய் ஒளிந்துகொள்ளட்டும். எங்கே என்று தெரிந்தாலும் தெரியாத மாதிரி நடியுங்கள்.

தண்ணீர், நெருப்பு

ஞாயிற்றுக்கிழமை 29சி பஸ் பிடித்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவோம். அங்கே வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930-ல் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது. பேத்திக்கு அந்தக் கதையை அங்கேயே உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். கடல் விஷயத்தில் நான் தாராளம் கிடையாது. அலையின் இழுப்பு பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது, எனவே என் கணக்கில் அது என்னுடைய ஆபத்து. கணுக்கால் வரை தண்ணீர், கடல் பக்கம் நான், கரைப் பக்கம் அவள். மணலில் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் குழி தோண்டலாம், ஆனால் அவள் முழங்காலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது, மணல் சரியும்.

மழைக்காலத்தில் காம்பவுண்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரில் குதிக்கட்டும். தெருவில் தேங்கியதில் வேண்டாம்: மூடி திறந்த பாதாளச் சாக்கடை, மின் பெட்டியிலிருந்து கசியும் கரன்ட், எலிக்காய்ச்சல். மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை. கார்த்திகைக்கு அகல் ஏற்றக் கொடுங்கள், பருத்திப் பாவாடை, பின்னிய தலைமுடி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். கம்பி மத்தாப்பு அணைந்த பிறகும் கம்பி நெருப்பாகத்தான் இருக்கும், நேராக வாளிக்குள் போட வேண்டும்.

மல்லுக்கட்டுக்கு ஒரே விதி: இரண்டு முகமும் சிரிக்கிறதா என்று பாருங்கள். ஒன்று சிரிப்பை நிறுத்தினால் ஆட்டம் முடிந்தது. "டைம்ப்ளீஸ்" சொன்னால் கை எடுக்க வேண்டும்.

விழுந்தால்

விழுவார்கள். ஓடிப்போய்த் தூக்காதீர்கள், தானாக எழுகிறார்களா என்று பாருங்கள். சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், காப்பித்தூள் வைக்க வேண்டாம். ஒன்றரை வயதில் போட்ட ஊசிக்குப் பிறகு, ஐந்து வயதில் போடும் முத்தடுப்பு பூஸ்டரை விட்டுவிடாதீர்கள், ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) காவல் அதுதான். தலையில் அடிபட்டு நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாத தூக்கமாக இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வடிந்தாலோ யோசிக்காமல் 108. கை கால் கோணலாகத் தெரிந்தால் அசைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். தெருநாய் கடித்தாலோ பிராண்டினாலோ பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், அன்றே ஊசி. என் பையில் துண்டு சோப்பு இருப்பது இதற்காகவும்தான். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் கூடாது.

இவ்வளவு படித்துவிட்டு, இதற்கு வீட்டிலேயே கார்ட்டூன் போட்டு உட்காரவைத்துவிடலாமே என்று தோன்றும். அண்ணா நகர் பூங்காவின் டவரையும் 2011-ல் ஆபத்து என்று அப்படித்தான் பூட்டினார்கள். 2023-ல் சுற்றிலும் கிரில் போட்டுத் திறந்தார்கள். இப்போது மேலே ஏறினால் பாதிப் பட்டணம் தெரிகிறது. பூட்டுக்கு ஒரு நிமிடம் போதும், கிரிலுக்குத்தான் 12 வருஷம் ஆகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பெஞ்சில் உட்காரவைத்த பேத்தி என் பின்னாலேயே வந்துவிட்டாள். ஸ்போக்கை வாங்கி மணலில் குத்தினாள், சறுக்குமரத்தில் புறங்கையை வைத்து ஐந்து எண்ணினாள், சீசா பலகையின் அடியில் குந்தி உட்கார்ந்து போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினாள். "தாத்தா, இது ஆடுது." நான் அதை ஏற்கெனவே பார்த்து, சரி என்று விட்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். நட்டு இரண்டு மரை கழன்றிருந்தது. 1913-க்கு அடித்தேன். புகார் எண்ணை நான் சொல்லச் சொல்ல அவள் ஸ்போக்கால் மணலில் எழுதினாள். 7-ஐ மட்டும் திருப்பிப் போட்டுவிட்டாள்.